ஓரியின் தூம்பும் டென்மார்க்கின் லூரும்

ஆடி மாதம் 17, 18 தேதிகளில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். நாமக்கல், சேலம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பஸ் ஏறிப் போயிருப்பீர்கள். வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, மேடையில் நாட்டுப்புறக் கலை என்று இரண்டு நாளும் மலை கலகலப்பாக இருக்கும். கீழே சமவெளியும் அந்த நாட்களில் சும்மா இருப்பதில்லை. சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா, ஊருக்கு ஊர் கூழ் ஊற்றுதல், தெருவெல்லாம் தாரை தப்பட்டை.

ஓரி சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்டவன். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தானாம். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் இதைச் சொல்கிறார். அம்புக் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த காட்சி. அந்த வேட்டைக்காரனைப் பார்த்து அசந்துபோன பாணர் தலைவன், அவனைப் பாடுவதற்காகத் தன் கூட்டத்தாரிடம் கருவிகளைத் தயார் செய்யச் சொல்கிறான். முழவு, யாழ், எல்லரி, ஆகுளி, பதலை. இவற்றோடு ஒரு தூம்பும் வருகிறது. யானைத் துதிக்கை போல வளைந்த பெரிய ஊதுகருவி அது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள்.

இன்று திருவிழாவில் நாம் பார்க்கும் கொம்பு அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பித்தளையிலோ செம்பிலோ வெண்கலத்திலோ செய்த வளைந்த குழல். வாய் வைக்கும் இடம் குறுகலாக இருக்கும், போகப்போக விரிந்து, நுனியில் அகலமாகத் திறக்கும். சில துண்டுகளாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஊதும்போது பொருத்திக்கொள்வார்கள். நேராக நீண்டிருந்தால் அது தாரை.

சரி, கொம்பு எப்படிச் சத்தம் போடுகிறது? பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருக்கிறீர்களா? நசுக்கிய நுனியை உதட்டில் வைத்து ஊதினால் இலையின் ஓரங்கள் படபடவென்று துடிக்கும். அந்தத் துடிப்புதான் ஒலி. நாதஸ்வரத்தில் அந்த வேலையைச் சீவாளி செய்கிறது. கொம்பில் இலையும் இல்லை, சீவாளியும் இல்லை. ஊதுபவரின் உதடுகளே சீவாளி. உதடுகளை இறுக மூடி, நடுவில் காற்றைத் தள்ளிப் பாருங்கள். 'ப்ர்ர்ர்' என்று வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முறைப்பார். அந்த அழகில்லாத 'ப்ர்ர்ர்'தான் கொம்புக்குள் போய்க் கம்பீரமான முழக்கமாக வெளியே வருகிறது.

குழலுக்குள் நடப்பது இதுதான். உதட்டின் துடிப்பு காற்றில் ஓர் அழுத்த அலையாகக் குழலின் மறுமுனைக்கு ஓடுகிறது. திறந்த வாயை அடைந்ததும் அலை முழுவதும் வெளியே போய்விடுவதில்லை. ஒரு பகுதி வெளியே போய் நம் காதுக்கு வருகிறது, மிச்சம் திரும்பி உதட்டை நோக்கி ஓடுகிறது. திரும்பி வந்த அலையும் உதட்டின் அடுத்த துடிப்பும் சரியாக ஒன்றுசேர்ந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல் ஒலி பெருகும். நேரம் தவறினால் ஒலி தேறாது. ஆகவே உதடு தன் இஷ்டத்துக்குத் துடிக்க முடியாது. எந்த வேகத்தில் துடிப்பது என்பதில் குழலின் நீளத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். 2 மீட்டர் நீளமுள்ள கூம்பு வடிவக் குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை போய்த் திரும்ப 4 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். 340ஐ 4ஆல் வகுத்தால் 85. அந்தக் குழலின் அடி ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 85 துடிப்புகள். உதட்டை இன்னும் இறுக்கினால் 86, 87 என்று மெல்ல ஏறாது. ஒரே தாவலில் 170. அடுத்து 255, 340, 425, 510. எல்லாம் 85இன் மடங்குகள். இடைப்பட்ட ஒலிகள் எளிதில் நிற்காது.

பாட்டு கற்றுக்கொள்பவர்களுக்கு இந்த எண்கள் வேடிக்கையாக இருக்கும். 170ஐச் ச என்று வைத்தால் 255 சரியாகப் ப. 340 மேல் ச. 425 அந்தர காந்தாரம், 510 மறுபடி ப. ச, ப, ச, க, ப! யாரும் கற்றுக்கொடுக்காமல் காற்றே இந்த வரிசையை வைத்திருக்கிறது. ஏழாவது மடங்கான 595 மட்டும் கொஞ்சம் குறும்புக்காரன். நிஷாதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், ஆனால் நம் ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையோடும் முழுதாக ஒட்டாது.

குழல் வளைந்திருக்கிறதே, அலை முட்டிக்கொள்ளாதா? கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு எத்தனை இருந்தாலும் மைல்கல் சாலையின் நீளத்தைத்தான் காட்டும். கொம்புக்கும் அப்படியே. 170 துடிப்புள்ள ஒலியின் அலைநீளம் 2 மீட்டர், குழலின் விட்டமோ சில சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய அலை மெல்லிய குழலின் வளைவைப் பொருட்படுத்துவதே இல்லை. அப்புறம் வளைப்பானேன்? முதலாவது, ஆளுயரக் கருவியைக் கூட்டத்தில் தூக்கிப் பிடிக்க வளைவு வசதி. இரண்டாவது, அகன்ற வாய் தலைகளுக்கு மேலே இருந்தால் முன்வரிசை ஆட்கள் ஒலியை மறைக்க முடியாது. மூன்றாவது காரணம் இன்னும் பழையது. முதல் கொம்பு மாட்டின் தலையில்தான் முளைத்தது! உள்ளே கூடாக, கூம்பாக, வளைவாக இயற்கையே செய்து கொடுத்த கருவி அது. உலோகம் உருக்கத் தெரிந்த பிறகும் கைவினைஞர்கள் அந்த வடிவத்தை விடவில்லை.

இனி நம் ஊரிலிருந்து வெகுதூரம் போகலாம். 1797இல் டென்மார்க்கில் புரூடெவெல்ட என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் ஆறு வெண்கலக் கொம்புகள் கிடைத்தன. லூர் என்று பெயர். செய்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்ப்பது போலவே மெழுகில் அச்சு எடுத்து, துண்டு துண்டாக வார்த்துப் பொருத்தியவை. சோடியாகவே செய்திருக்கிறார்கள்: ஒன்று இடப்பக்கம் முறுக்கினால் மற்றது வலப்பக்கம், ஒரே மாட்டின் இரு கொம்புகளைப் போல. அந்த நாட்டு வெண்ணெய் ஒன்றின் உறையில் இன்றும் சோடி லூர் படம் இருக்கிறது.

அயர்லாந்தில் லாக்நஷேட் என்ற சிற்றேரியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளைந்த வெண்கலக் கொம்புகள் வெளிவந்தன. இது கெல்டிக் எனப்படும் பழைய ஐரோப்பிய மக்களின் கருவி, வயது சுமார் இரண்டாயிரம் ஆண்டு. வார்த்தது அல்ல, தகட்டைச் சுருட்டி ஆணி அறைந்து செய்தது. அதே மக்களிடம் கார்னிக்ஸ் என்று இன்னொன்றும் இருந்தது. நிமிர்த்திப் பிடிக்கும் நெடிய குழல், உச்சியில் காட்டுப்பன்றித் தலை. ஸ்காட்லாந்தின் டெஸ்க்ஃபோர்டில் 1816 வாக்கில் அதன் தலை மட்டும் கிடைத்தது. அதைப் பார்த்து முழுக் கருவியைச் செய்து, 1993இல் ஜான் கென்னி என்ற இசைக்கலைஞர் ஊதிக் காட்டினார்.

இன்னொரு விந்தை. குண்டஸ்ட்ரூப் என்ற ஊருக்கு அருகே 1891இல் ஒரு பெரிய வெள்ளிப் பாத்திரம் கிடைத்தது. அதில் மூன்று பேர் கார்னிக்ஸ் ஊதும் சிற்பம் இருக்கிறது. ஊர் டென்மார்க், கருவி கெல்டிக். அது மட்டுமா? மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சி ஸ்தூபியின் வடக்குத் தோரணத்திலும் வெளிநாட்டார் போல உடுத்தியவர்கள் இதே சாயலில் கருவி ஊதுகிறார்கள்.

இப்போது கேள்வி வருகிறது. இத்தனை தூரத்தில் இருக்கும் ஊர்களின் கருவிகள் ஏன் ஒன்றுபோல இருக்கின்றன? யாராவது எடுத்துப் போனார்களா, இல்லை தனித்தனியே கண்டுபிடித்தார்களா?

எடுத்துப் போனதற்குத் தெளிவான உதாரணம் ஷெட்லாந்து தீவுகள். இன்று அவை ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவை. ஆனால் 1469 வரை நார்வேயின் ஆட்சியில் இருந்தன. டென்மார்க், நார்வே இரண்டுக்கும் அரசரான முதலாம் கிறிஸ்டியன் தன் மகளை ஸ்காட்லாந்து அரசருக்குக் கட்டிக்கொடுத்தார். சீதனப் பணம் கையில் இல்லை. தீவுகளை அடகு வைத்தார், மீட்கவே இல்லை. நாடு மாறினாலும் படகுகள் நிற்கவில்லை, படகோடு பிடிலும் மெட்டும் வந்து போயின. ஷெட்லாந்துப் பிடில்காரர்கள் வாசிக்கும் கம்பியோடு பக்கத்துக் கம்பியையும் சேர்த்து ஒலிக்க விடுவார்கள். இதே கூட்டொலிக்கு நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலில் அடியில் நாலைந்து கம்பிகள் தனியாக உண்டு. அவற்றை வில் தொடாது. மேல் கம்பியின் துடிப்பு தங்களுக்குப் பொருந்தினால் அவை தாமாகவே முனகும். நம் நாட்டுச் சாரங்கியிலும் இதே ஏற்பாடு இருக்கிறது.

தோல்கருவிக்கு வந்தால் கதை வேறு. அயர்லாந்தின் பௌரான் ஒற்றை முகமுள்ள வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்தியது. பார்த்தால் நம் பறையின் ஒன்றுவிட்ட தம்பி என்றே நினைப்பீர்கள். ஈரக்காற்றில் இரண்டும் தொய்ந்துபோகும், ஏனென்றால் தோல் நீரை உறிஞ்சினால் இழுவிசை குறையும். ஆடி மாதத்து மலைப்பனியில் பறைக்காரர்கள் வைக்கோல் தீயில் கருவியைக் காய்ச்சுவது அதனால்தான். இதற்கு எந்தப் படகும் வேண்டியதில்லை. வளையமும் தோலும் கிடைக்கும் இடத்தில் மனிதர் அதைத்தான் செய்வார்கள்.

கொம்பு எந்தப் பக்கம்? ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பில்லி ஓ ஃபோக்லூ என்ற தொல்லியலாளர் இதைப் பற்றி யோசித்தார். ஐரோப்பாவில் பழைய கொம்புகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆனால் அவற்றை ஊதும் பரம்பரை அறுந்துவிட்டது. கேரளத்திலோ கோயில் விழாக்களில் கொம்பு இன்றும் வரிசையாக நின்று முழங்குகிறது. அதைக் கவனித்தபோது அவருக்கு ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. ஒரே இடத்தில் கிடைத்த ஐரோப்பியக் கொம்புகள் ஒன்றோடொன்று சுருதி சேராமல் இருந்தன. செய்தவர்களுக்குச் சுருதி சேர்க்கத் தெரியவில்லை என்று ஆய்வாளர்கள் எண்ணியிருந்தார்கள். தென்னிந்தியக் கொம்புக்காரர்களைக் கேட்டால், அந்தச் சேராமையையே அழகாகப் பயன்படுத்துவது புரிகிறது.

இதற்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கொம்பு 170 துடிப்பு, இன்னொன்று 173 என்றால், இரண்டு அலைகளும் விநாடிக்கு மூன்று முறை சேர்ந்து, மூன்று முறை பிரியும். காதுக்கு ஒலி 'வாவ், வாவ், வாவ்' என்று ஏறி இறங்கும். இதை விம்மல் என்பார்கள். திருவிழாவில் நெஞ்சு அதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே இசைக்காரர்கள் போய்வந்திருக்க வேண்டும் என்பது ஃபோக்லூவின் கருத்து. சாஞ்சிச் சிற்பம் அவர் பக்கம் நிற்கிறது. எனக்கு அவ்வளவு உறுதியில்லை. இரண்டு இடத்திலும் மாடு இருந்தது, உலோகம் இருந்தது, உதடு இருந்தது, காற்று இருந்தது. ச, ப, ச வரிசையைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. ஊதுபவர்களின் வழக்கத்தையும் கருவியைச் செய்யும் நுணுக்கத்தையும்தான் துப்பறிய வேண்டும்.

வீட்டிலேயே ஒரு கொம்பு செய்து பாருங்கள். 2 மீட்டர் புது ஹோஸ் பைப், ஒரு பிளாஸ்டிக் புனல், அவ்வளவுதான். பூச்சிமருந்து அடித்த குழாய் வேண்டவே வேண்டாம். புனலை ஒரு முனையில் இறுகப் பொருத்தி, மறுமுனையில் உதட்டை வைத்து 'ப்ர்ர்ர்' என்று ஊதுங்கள். நீங்கள் ஊதும்போது ஹோஸைச் சுருட்டும்படி தம்பியிடமோ தங்கையிடமோ முன்பே சொல்லிவையுங்கள். ஒலியின் உயரம் மாறாது. பிறகு உதட்டை மெல்ல இறுக்கி, ஒலி எத்தனை இடத்தில் தாவுகிறது என்று எண்ணுங்கள். புனலைக் கழற்றிவிட்டும் ஊதுங்கள். சத்தம் சட்டென்று குறையும், தாவும் இடங்களும் மாறும். கொம்பின் வரிசை இதில் அப்படியே கிடைக்காது. ஹோஸ் கூம்பு அல்ல, ஒரே அகலமுள்ள உருளை. ஒரு பக்கம் உதட்டால் அடைத்த உருளையில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை மடங்குகள்தான் நிற்கும். அதனால்தான் கொல்லன் தகட்டைச் சீராக விரிந்துபோகும்படி சுருட்ட இவ்வளவு பாடுபட்டிருக்கிறான்.