‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று அப்டேட்டைத் தள்ளிப்போடும் முன்

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற கணினி வைரஸ் பரவத் தொடங்கி, 150 நாடுகள்வரை எட்டியது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பிட்காயினில் பணம் கட்டு என்று திரையில் மிரட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகின. ஆந்திரத்தில் காவல் துறையின் கணினிகள் சிலவும் சிக்கின. இத்தனைக்கும், வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை, இரண்டு மாதமாகியும் அதைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள்.

மென்பொருள் அப்டேட் என்றால் புதுப்புது வசதிகள் வரும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மாதந்தோறும் வரும் விண்டோஸ் அப்டேட்டில் முக்கியமானவை, கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கான அடைப்புகள். அப்டேட் வெளியான நிமிடத்திலிருந்து ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் தாமதம் ஆபத்து.

நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் சிறிய கணக்கு அலுவலகங்களிலும் வேறொரு சிக்கல் உண்டு. கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக் கொடுப்பவர், ‘அப்டேட் வந்தால் சிஸ்டம் நின்றுவிடும்’ என்று அதை அணைத்தும் வைத்துவிடுகிறார். ஊர் மக்களின் ஆதார் நகலும் வருமான வரிக் கணக்கும் கிடக்கும் கணினி அது. இப்படி விடுவது பெரிய தவறு. உங்கள் கணினியும் அப்படி இருந்தால் அசல் விண்டோஸுக்கு மாறுவதுதான் முதல் வேலை.

அப்டேட்டே காலை வாரிய நாளும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின; இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், வீட்டுக் கணினிகளை அது தொடவில்லை. ஆனாலும் பெரிய அப்டேட்டுக்கு முன் முக்கியமான கோப்புகளை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அந்த நகலையும் பூட்டிவிடும்.

வேலை நடுவே ரீஸ்டார்ட் ஆகிவிடுமோ என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 11 என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போனால் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ இருக்கும். நீங்கள் வேலை செய்யும் நேரத்தை அங்கே குறித்துவிட்டால், அந்த நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத கணினி என்றால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்யும் வாய்ப்பு இருக்கிறதா என்று அதே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாருங்கள்.

அப்டேட் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் முக்கியம். கணினியில் செட்டிங்ஸ், செல்போனில் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர். இவற்றுக்கு வெளியே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ‘உடனே அப்டேட் செய்யுங்கள்’ என்று வரும் லிங்க் எதையும் தொடாதீர்கள். வங்கி ஆப், போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று பல பெயர்களில், செல்போனில் ஆப்பை நிறுவும் ஏபிகே கோப்புகள் வருகின்றன. இன்ஸ்டால் செய்து அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், ஓடிபியைத் திருடும் ஆப் உள்ளே வந்துவிடும்.

இப்படிப்பட்ட அஞ்சல்கள் ஏமாற்றுவதற்கு வசதியான இடம், விளம்பரங்கள் நிரம்பி வழியும் இன்பாக்ஸ். ஆயிரக்கணக்கான அஞ்சல்களுக்கு நடுவே வங்கியிலிருந்து வந்தது எது, வங்கி பெயரில் வந்தது எது என்று யார் பார்ப்பார்கள்? இன்பாக்ஸை ஒழுங்காக வைத்துக்கொள்வதும் பாதுகாப்புதான்.

ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி. போட்டோஸும் டிரைவும் அதே இடத்தில்தான் சேர்கின்றன; நிரம்பிவிட்டால் புதிய அஞ்சல் உள்ளே வராது. நேர்முகத் தேர்வுக் கடிதம்கூட அனுப்பியவருக்கே திரும்பிவிடலாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அளவு என்ற இடத்தில் 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். பழைய வீடியோக்களும் ஸ்கேன் செய்த கோப்புகளும் வரிசையாக வரும். வேண்டியதை டவுன்லோடு செய்துகொண்டு மற்றதை அழியுங்கள். அழித்தது 30 நாள் டிராஷில் கிடந்து இடத்தைப் பிடிக்கும் என்பதால் அதையும் காலி செய்ய வேண்டும்.

அதே படிவத்தில் வங்கியின் உண்மையான மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, ஃபில்டர் உருவாக்கி, ‘வங்கி’ என்று லேபிள் போடச் சொல்லலாம். பிறகு ஸ்டேட்மென்ட் எல்லாம் தானாக அந்த லேபிளுக்குக் கீழ் சேரும். ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்று ஒரு மடல் அந்த லேபிள் இல்லாமல் வந்தால், அங்கேயே நிறுத்தி அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தெரிந்த கடையின் விளம்பரம் என்றால் அன்சப்ஸ்கிரைப். தெரியாத இடத்திலிருந்து வந்தால் அதில் எதையும் அழுத்தாமல் ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள்.

போலி அப்டேட்டில் சிக்கிப் பணம் போய்விட்டால் செல்போனின் இணையத்தை உடனே துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, பணம் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.