இளைஞர் மனநலமும் மாவட்டத் திட்டமும்

நாட்டின் மனித வளத்தை மதிப்பிடுகையில் பள்ளிகளின் எண்ணிக்கையும் தேர்ச்சி விகிதமும் எளிதாகக் கணக்கில் ஏறுகின்றன. உள்ளத்தின் நலிவு ஏறுவதில்லை. மனநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கல்விக்கென அரசும் குடும்பமும் இடும் முதலீடு பலன் தருமுன்னரே நோய் குறுக்கிடுகிறது என்பதே இதன் பொருள்.

பிரச்சினையின் அளவு

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. அதன் ஒரு பகுதியாகச் சில மாநிலங்களில் 13 முதல் 17 வயது வரையுள்ளோர் ஆராயப்பட்டனர், அவர்களுள் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு காணப்பட்டது. வயது வந்தோரிடையே, நோயின் வகைக்கேற்ப, 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறாதிருந்தனர். 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்றப் பதிவேட்டு அலுவலகம் தெரிவிக்கிறது.

இளம் வயதில் நோய் பெரும்பாலும் வேறு உருவில் தோன்றுகிறது. உறக்கமின்மை, காரணமற்ற சினம், படிப்பில் திடீர்ச் சரிவு, நண்பர்களை விட்டு விலகுதல் ஆகியவை சோம்பலென்றோ அடங்காமையென்றோ கருதப்படுகின்றன. கண்டிப்பு கிடைக்கிறது; சிகிச்சை கிடைப்பதில்லை.

அரசின் முயற்சிகள்

மனநல சேவையை ஆரம்ப சுகாதார அமைப்புடன் இணைக்கும் நோக்குடன் 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கப்பெற்றது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற அனுபவத்தின் அடிப்படையில் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. மாவட்ட மருத்துவமனையில் ஒரு மனநலக் குழு இயங்குவதும், அது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் இதன் அடிப்படை. பின்னர் பள்ளி, கல்லூரிகளில் ஆலோசனை வழங்கும் பணியும் இதில் சேர்க்கப்பட்டது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் சேவைகளில் மனநல சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் எனக் கொள்ளவேண்டும் என்றும் அது விதித்தது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

செய்ய வேண்டியவை

தொலைபேசி முதற்படியே. அழைத்த இளைஞர் தொடர்ந்து சிகிச்சை பெறத் தம் மாவட்டத்திலேயே மருத்துவர் வேண்டும். தேசிய ஆய்வு நடைபெற்ற காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நிபுணர்களின் எண்ணிக்கை ஓராண்டில் பெருகிவிடாது. ஆனால், ஆசிரியருக்கு அறிகுறிகளை உணர்த்துவதும், சுகாதார நிலைய மருத்துவருக்குப் பயிற்சி தருவதும், மாவட்டக் குழுவின் காலியிடங்களை நிரப்புவதும் இன்றைய நிர்வாகத்தின் கைக்கு எட்டியவையே. தேர்ச்சி விகிதத்தைக் கேட்டறியும் மாவட்ட ஆய்வுக் கூட்டங்கள், எத்தனை மாணவர் ஆலோசனை பெற்றனர் என்பதையும் கேட்கத் தொடங்கினால், திட்டம் ஏட்டிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேரும்.