தாளில் விழுமுன் கணக்கில் விழும் துளி



பிள்ளைகள் கொண்டுவரும் பயிற்சித்தாள்களில் சில, மை பீய்ச்சும் அச்சுப்பொறியில் அச்சானவை. அந்தப் பொறியின் தலையில், தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வரிசையாக இருக்கும். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் ஒருசில பங்குதான் அங்கே ஒரு துளி மை!

வீட்டுக் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி திறந்து பாருங்கள். துளி கீழிறங்கும்போது பின்னால் ஒரு வால் நீளும். வால் அறுந்து குட்டித்துளி ஆகும். மையும் அப்படித்தான். குட்டித்துளி இடம் மாறி விழுந்தால், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்.

இதைத் தவிர்க்கத் துளையைப் பெரிதாக்குவதா, சிறிதாக்குவதா? ஒவ்வொன்றையும் செய்து பார்த்தால் நாளும் பணமும் வீண். ஆகவே, கணினியில் முதலில் ஒத்திகை பார்க்கிறார்கள். மை இருக்கும் இடத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். நேரத்தையும் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சிறிதாக நறுக்குகிறார்கள். மை தேனைப்போல் கெட்டியா, தண்ணீரைப்போல் இளகியதா, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லிவிட்டால், கட்டம் கட்டமாகக் கணினி கணக்குப் போடும்.

ஆனால் ஒரு சிக்கல். ஒரு துளி இரண்டாக அறுபடும் கணத்தில், அதன் ஓரத்தைப் பின்தொடர்வது கடினம். இதற்கு 1988-இல் அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஸ்டான்லி ஓஷரும் ஜேம்ஸ் செத்தியனும் ஒரு வழி கண்டார்கள். வெள்ளம் ஏறும்போது ஒரே மேடு இரண்டு திட்டாகத் தெரியுமல்லவா? மேட்டின் உயரம் தெரிந்தால், கரை எங்கே என்பது தானே தெரியும். துளியின் ஓரத்தையும் அப்படியே கணக்கிட்டார்கள். 2003-இல் செத்தியனும் எப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் இம்முறையை மைத்துளிக்குப் பயன்படுத்தி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அப்படியானால் சோதனைக்கூடம் வேண்டாமா? வேண்டும். மையின் தன்மையைத் தவறாகக் கொடுத்தால், விடையும் தவறாகத்தான் வரும். கணினி, தேறாத வடிவங்களைக் கழித்துத் தரும். மிஞ்சிய சிலவற்றைச் செய்து, தாளில் அச்சிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நேயர்களே, இந்த ஒத்திகையை நடத்துவது, கூட்டலும் பெருக்கலுமாகக் கோடிக்கணக்கில் போடப்படும் கணக்கு. “கணக்குப் படித்து என்ன ஆகப்போகிறது?” என்று உங்கள் பிள்ளை சலித்துக்கொண்டால், குழாயடியில் நிறுத்தி, வால் அறுந்து விழும் அந்தத் துளியைக் காட்டுங்கள்.