நான்கு இடைவெளியின் பொருள்

திண்டுக்கல்லில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் மாணவர், 11-ஆம் வகுப்பில் சி++ எழுதிப் பழகிவிட்டு 12-இல் பைத்தானுக்கு வருகிறார். 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் அடுத்தடுத்து வந்த புதிய பாடத்திட்டம் வகுத்த பாதை இது. இரண்டு மொழியிலும் எண்டர் தட்டினால், எடிட்டர் அடுத்த வரியைத் தேவையான அளவு உள்ளே தள்ளித் தொடங்கி வைக்கிறது. பாடநூல் இதை ‘உள்தள்ளல்’ என்கிறது. பார்க்க ஒரே வசதிதான். ஆனால் சி++-இல் உள்தள்ளல் படிப்பவர் கண்ணுக்காக. பைத்தானில் அதுவே நிரலின் பொருள். இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே மாணவருக்குப் புரியவைத்துவிட வேண்டும்.

எடிட்டர் எதை வைத்து உள்ளே தள்ளுகிறது? எளிய வழி, மேல் வரி எங்கே தொடங்கியதோ அங்கேயே கீழ் வரியையும் தொடங்குவது. விம் எடிட்டரின் ‘ஆட்டோஇண்டென்ட்’ அமைப்பு இதைத்தான் செய்கிறது. சற்று விவரமான எடிட்டர்கள் அடைப்புக்குறியையும் கணக்கில் எடுக்கும்: நெளிவு அடைப்பு திறந்தால் ஒரு படி உள்ளே, மூடினால் ஒரு படி வெளியே. சி++-இல் தொகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அடைப்புக்குறியே சொல்லிவிடுவதால், கோணல்மாணலாக எழுதிய நிரலையும் எடிட்டரால் முழுவதுமாகச் சீராக்கித் தர முடியும். ஈமாக்ஸ் எடிட்டரில் சி++ வரியில் நின்று டேப் தட்டினால், வரி தனக்குரிய இடத்துக்கு நகரும். எதிர்பார்த்த இடத்துக்கு அது வரவில்லையென்றால், மேலே ஏதோ ஓர் அடைப்போ அரைப்புள்ளியோ விட்டுப்போயிருக்கலாம். அந்த வகையில் தானியங்கி உள்தள்ளல் ஒரு சோதனைக் கருவியும் ஆகிறது.

பைத்தானில் இந்தச் சோதனை நடக்காது. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு வந்த ஐந்து மல்லிகை மூட்டைகளின் எடை 12, 15, 10, 18, 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவற்றைக் கூட்டி, மொத்தத்தை ஒருமுறை அச்சிட வேண்டும். ‘ஃபார்’ மடக்கின் முதல் வரியை முக்காற்புள்ளியோடு முடித்து எண்டர் தட்டியதும், ஐடில் எடிட்டர் நான்கு இடைவெளி உள்ளே போய் நிற்கும். கூட்டல் வரியை எழுதி மறுபடி எண்டர் தட்டினால், அதே நான்கில்தான் நிற்கும். அங்கேயே ‘பிரிண்ட்’ எழுதினால் 12, 27, 37, 55, 75 என்று ஐந்து வரி வரும். பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டி ஓரத்துக்கு வந்து எழுதினால் 75 மட்டும் வரும். இரண்டுமே இலக்கணப்படி சரியான நிரல்கள். பிழைச் செய்தி வராது. மடக்கு முடிந்துவிட்டது என்பது எழுதுபவருக்கு மட்டுமே தெரியும். ‘ரிட்டர்ன்’, ‘பிரேக்’ போன்ற வரிகளுக்குப் பிறகு ஐடில் தானே ஒரு படி வெளியே வருகிறது. அதற்குப்பின் அந்தத் தொகுதியில் எழுத எதுவும் இருக்காது என்பதால் அந்த ஊகம் பொருந்துகிறது. மற்ற இடங்களில் முடிவு நம்முடையது.

அப்படியானால் பள்ளி ஆய்வகத்தில் இந்த வசதியை அணைத்துவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. ஒரு வரியில் மூன்று, அடுத்த வரியில் நான்கு என இடைவெளி மாறினாலோ, டேப்பும் இடைவெளியும் முரணாகக் கலந்தாலோ பைத்தான் 3 நிரலை ஏற்க மறுக்கும். அந்த எண்ணிக்கையைக் கவனிக்கும் வேலை எடிட்டருக்கு உரியது. இடைவெளிக்குப் பொருள் கொடுத்த மொழிமீதுதான் குறை என்பவர்களும் உண்டு. ஆனால் அடைப்புக்குறி மொழியிலும் மனிதக் கண் ஓரத்தைத்தான் படிக்கிறது. 2014-இல் ஆப்பிள் திருத்திய பாதுகாப்புப் பிழையில், சி மொழி நிரலில் ‘கோட்டூ ஃபெயில்’ என்ற ஒரே வரி இருமுறை இருந்தது. இரண்டாவதும் ‘இஃப்’ நிபந்தனைக்கு உட்பட்டதுபோல உள்ளே தள்ளி நின்றது. உண்மையில் அது எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படவில்லை. அதனால் இணையத் தளத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கட்டமே தாண்டிப் போனது. 2016-இல் வந்த ஜிசிசி 6 நிரல்பெயர்ப்பி, இப்படி ஏமாற்றும் உள்தள்ளலை எச்சரிக்கும் வசதியோடு வந்தது.

ஆகவே எண்டர் தட்டியதும், ‘இந்த வரி ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டுமா, எல்லாம் முடிந்தபின் ஒருமுறை நடக்க வேண்டுமா?’ என்று மாணவர் தன்னையே கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும். 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் பேனாவும் தாளும்தான் இருக்கும். அங்கே ‘பிரிண்ட்’ எந்த ஓரத்தில் தொடங்க வேண்டும் என்பதை அவர் கைதான் தீர்மானிக்கும்.