பெருநாள் காசுக்கு ஒரு சுருக்குப்பை
ஊசியும் நூலும் இருந்தால் போதும். வீட்டார் எல்லோரும் சேர்ந்து தைக்கலாம்

நோன்பு பிறந்து பத்து நாள் கழிவதற்குள் தையல் கடைகளில் ‘இனி உடுப்பு எடுக்க மாட்டோம்’ என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கூலியும் அந்த நாட்களில் கூடித்தான் இருக்கும். சட்டை தைக்கத் தெரியாத வீட்டில் இதற்கெல்லாம் என்ன செய்வது என்று பலர் நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறோம். சட்டையில் தொடங்க வேண்டாம். நேர்கோட்டில் தைக்கத் தெரிந்தாலே முடிந்துவிடும் ஒரு சிறு பொருளில் தொடங்குவோம். அதுதான் சுருக்குப்பை.

நம் உம்மும்மாமார் வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள்தான் வைத்திருந்தார்கள். இன்று பெருநாள் தொழுகை முடிந்து வாப்பா, மாமா, சாச்சா எல்லோரும் கொடுக்கும் காசைப் பிள்ளைகள் கையில் பொத்திக்கொண்டு திரிந்து, மாலைக்குள் பாதியைத் தொலைத்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு பை தைத்துக் கொடுத்தால் காசும் பத்திரம், சேமிக்கும் பழக்கமும் வரும்.

இதற்கு ஏற்ற காலம் மாரிதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில் கொட்டித் தீர்த்துவிடும். பிள்ளைகள் வெளியே விளையாட முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மாலைகள் அவை. நோன்பும் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்து, இப்போது மாரியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு தடவையும் டிசெம்பர் கடைசியில் மறு தடவையுமாக இரண்டு நோன்பு தொடங்கவிருக்கிறது. மழை நாளில் தைத்து வைத்தால் பெருநாளுக்குக் கையில் இருக்கும்.

மானிப்பாய்ப் பக்கத்தில் தையலுக்குப் பழைய கதை உண்டு. அமெரிக்க மிஷன்காரர் மானிப்பாயில் 1821இல் நிலையம் அமைத்தார்கள். பக்கத்து உடுவிலில் 1824இல் பெண் பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். எழுத்தோடும் வாசிப்போடும் ஊசி வேலையும் அங்கே பாடமாக இருந்தது. யாழ்ப்பாண நகரில் சோனகத் தெருவைச் சுற்றி வாழ்ந்த நம்மவர்களுக்கோ தையல் பிழைப்பாகவே இருந்தது. வியாபாரத்துக்கும் இரும்புக் கடைக்கும் அடுத்தபடி தையல் மெசினை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல. சட்டை தைக்க வேண்டுமென்றால் தமிழ்ச் சனங்களும் அவர்களிடம்தான் வந்தார்கள்.

தேவையானவை

பருத்தித் துணி 7 அங்குல அகலம், 16 அங்குல நீளம். புதிதாக வாங்க வேண்டியதில்லை. சட்டை தைத்து மிஞ்சிய சீத்தைத் துணி, கிழிந்த சாரத்தின் நல்ல பகுதி, பழைய பருத்திச் சேலை எதுவும் ஆகும். வழுக்கும் பட்டும் நைலோனும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வேண்டாம். நிறத்துக்கு ஏற்ற நூல், ஊசி, கத்தரிக்கோல், அளவு நாடா, சோக்கட்டி, ஓர் ஊக்கு. 18 அங்குல நீளத்தில் இரண்டு நாடா.

புதுத் துணியானால் முதலில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் பை கோணிப்போகும்.

தைக்கும் முறை

1. துணியை அளந்து சோக்கட்டியால் கோடு போட்டு வெட்டுங்கள். கோடு நேராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். இப்போது 7 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் இருக்கும். மடிப்பு அடியில், திறந்த வாய் மேலே.

3. வாயிலிருந்து இரண்டரை அங்குலம் கீழே இரு பக்கமும் அடையாளம் வையுங்கள்.

4. அடி மடிப்பிலிருந்து அந்த அடையாளம் வரை, ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளிப் பின் தையல் போடுங்கள். பின் தையல் என்றால் ஊசி ஒரு தையல் முன்னே போய், அரை வழி பின்னே வந்து குத்துவது. இது எளிதில் பிரியாது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே இடத்தில் மூன்று தடவை குத்தி இறுக்குங்கள்.

5. அடையாளத்துக்கு மேலே தைக்காமல் விட்ட ஓரங்கள் நான்கையும் அரை அங்குலம் உட்பக்கமாக மடித்து ஓட்டுத் தையல் போடுங்கள். நாடா நுழையும் வழி இதுதான்.

6. வாயின் முன் துணியைக் கால் அங்குலம் மடித்து, பிறகு மறுபடி ஓர் அங்குலம் உள்ளே மடித்து, மடிப்பின் கீழ் விளிம்போடு தையுங்கள். பின் துணியையும் தனியாக இப்படியே தையுங்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால் பையின் வாய் மூடிப்போகும்.

7. பையைத் திருப்பி நல்ல பக்கத்தை வெளியே எடுங்கள். மூலைகளை விரலால் தள்ளிவிடுங்கள்.

8. ஒரு நாடாவின் நுனியில் ஊக்கைக் குத்தி, வலப்பக்கம் நுழைத்து முன் மடிப்பு வழியாகப் போய், பின் மடிப்பு வழியாகத் திரும்பி வலப்பக்கமே வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். மற்ற நாடாவை இடப்பக்கமிருந்து இப்படியே கோருங்கள். இரண்டையும் இழுத்தால் பை சுருங்கும்.

முடிந்த பை 6 அங்குல அகலமும் ஆறே முக்கால் அங்குல உயரமும் இருக்கும்.

கவனிக்க

நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நீண்டால் சிக்கு விழும். தையலை அளவுக்கு மீறி இழுத்தால் துணி சுருங்கும், தளர விட்டால் காசு நழுவும். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் வந்தால் போதும். மெசின் இருப்பவர்கள் ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போடலாம்.

36 அங்குல அகலத் துணியில் ஒரு யார் எடுத்தால் அகலத்தில் ஐந்தும் நீளத்தில் இரண்டுமாகப் பத்துப் பை வெட்டலாம். கடைசியில் 4 அங்குலத் துண்டு ஒன்று மிஞ்சும். அதை ஓர் அங்குலப் பட்டையாகக் கிழித்து, நாலாக மடித்துத் தைத்தால் எட்டு நாடா கிடைக்கும். நான்கு பைக்குச் சரி. மற்றப் பைகளுக்குப் பழைய பாவாடை நாடா ஆகும்.

வீட்டில் யார் என்ன செய்வது?

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் அளந்து கோடு போடட்டும், நாடா கோர்க்கட்டும். எட்டு வயதுக்கு மேல் ஓட்டுத் தையல் பழகலாம். வெட்டுவதும் வாய் மடிப்பும் பெரியவர் கையில் இருக்கட்டும். ஊசியை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும். ஆண் பிள்ளைகளை விலக்க வேண்டாம். யாழ்ப்பாணக் கடைத்தெருவில் மெசினில் இருந்து குடும்பம் காத்தவர்கள் ஆண்கள்தானே! நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை நாம் கேட்டிருக்கிறோம்.

இந்தச் சிறு வேலை எதற்கு?

1990 ஒக்டோபர் 30ஆம் தேதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டே மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். வீடும் கடையும் மெசினும் பின்னே தங்கின. புத்தளத்து முகாம்களுக்குக் கூடவே வந்தது கை பழகிய தொழில் மட்டுந்தான். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் தேதி, மானிப்பாய் உட்பட வலிகாமத்துத் தமிழ் மக்கள் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அவர்கள் கையிலும் ஒரு பைதான் இருந்தது.

2009இல் போர் முடிந்த பிறகு சிலர் திரும்பி வந்து சோனகத் தெருவில் மறுபடி குடியேறியிருக்கிறார்கள். பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பெரியவர்கள் சொல்லக் கேட்ட ஊர். தையலும் பல வீடுகளில் கேட்ட கதையாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு தலைமுறை கையில் எடுக்காவிட்டால் தொழில் அதோடு போய்விடும். பிறகு காசு கொடுத்துத்தான் கற்க வேண்டும்.

ஆகவே தெரிந்த ராத்தாமார் இந்த மாரியில் தெரியாத பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுங்கள். பத்துப் பை தைத்தால் இரண்டை அயல் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெருநாள் பலகாரத்தை அதற்குள் வைத்து அனுப்பலாம். இரண்டை வாப்பாவை இழந்த பிள்ளைகளுக்கு, உள்ளே காசும் வைத்து, பெருநாள் தொழுகைக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். கை பழகிய பிறகு இதே முறையில் அளவைக் கூட்டி, குர்ஆன் பையும் தொழுகை விரிப்புப் பையும் தைக்கலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த பெருநாளுக்குப் பிள்ளையின் சட்டையையே நீங்கள் வெட்டுவீர்கள்.