கோளாறு கம்ப்யூட்டரில், பழி கியர் பெட்டி மீது!

காலையில் நல்லா ஓடிய பிக்கப் வண்டி. மதியம் லோடோடு மேம்பாலம் ஏறும்போது முக்கி முனகுகிறது. ஆட்டோமேட்டிக் கியர் மாறவே மாட்டேன் என்கிறது.

"அண்ணே, கியர் பெட்டி காலி. இறக்கிடலாமா?" என்பார் மெக்கானிக். வண்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்.

கொஞ்சம் பொறுங்க!

கியரை மாற்றச் சொல்வது டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல் என்ற சின்னக் கம்ப்யூட்டர். வண்டியின் வேகம், ஆக்சிலேட்டர் மிதி, ஆயில் சூடு எல்லாம் பார்த்து உத்தரவு போடும். அது மண்டையைப் போட்டால், பெட்டி ஒரே கியரில் நின்றுவிடும். மெதுவாக வீடு போய்ச் சேரத்தான் இந்த ஏற்பாடு!

பச்சை பிடித்த வில்லன்

ஸ்கேனரை மாட்டினால் "யூ 0101" என்று வரலாம். மாட்யூலோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். அதற்காக உடனே மாற்றிடாதீங்க. பேட்டரி, ஃபியூஸ், எர்த் ஒயர், பிளக் நாலையும் முதலில் பாருங்க. பச்சை பிடித்த ஒரு பின்கூட இந்தப் பாடு படுத்தும்.

எல்லாம் சரி, மாட்யூல்தான் போச்சு என்றால் மாற்ற வேண்டியதுதான். சில வண்டிகளில் அது கியர் பெட்டிக்குள்ளேயே ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கும். அப்போது ஆயில் தொட்டியைக் கழற்றியாகணும்.

வேறு வண்டி ஜாதகம்

புதுப்பேட்டையில் பழசு சல்லிசாகக் கிடைக்கலாம். ஆனால் அதற்குள் இருப்பது வேறு வண்டியின் ஜாதகம்! பல வண்டிகளில் அப்படியே மாட்டினால் வேலை செய்யாது. புதுசுக்கும் புரோகிராம் ஏற்றணும். பாதியில் பேட்டரி படுத்தால் புது மாட்யூலும் அம்பேல்!

லோடோடு மேம்பாலம் ஏறிப் பாருங்க. கியர் ஒழுங்காக விழுந்த பிறகு பில்லைக் கட்டுங்க!