கொதிக்கக் கூடாத பால்

வீட்டில் சீஸ் செய்ய முயல்பவர்களுக்கு அடுப்புதான் முதல் எதிரி. காப்பாற்றுவது, தண்ணீர் நிரம்பிய இன்னொரு பாத்திரம்.

இந்தியச் சமையலறைகளில் அன்றாடம் நடக்கும் முதல் வேலை பால் காய்ச்சுவது. பொங்கி எழும்வரை காய்ச்சினால்தான் இல்லத்தரசிகளுக்கு மனம் ஆறும். பன்னீருக்கும் அதுவே தொடக்கம்: கொதித்த பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிந்துவிடும். செடார் போன்ற சீஸ் செய்ய இறங்கும்போது இந்த நல்ல பழக்கமே காலை வாரிவிடுகிறது.

காரணம், இங்கே பாலை உறைய வைப்பது ரென்னட் என்ற நொதி. முன்பு கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது பூஞ்சையிலிருந்து தயாராகும் சைவ ரென்னட்டும் கிடைக்கிறது. கொதித்த பாலில் மற்றப் புரதங்கள் சிதைந்து, கேசின் என்ற முக்கியப் புரதத்தின் மீது ஒட்டிக்கொள்கின்றன. ரென்னட்டால் சரியாக வேலை செய்ய முடிவதில்லை. வெட்டி எடுக்கும் பதத்துக்கு உறைவதற்குப் பதில் பால் கொழகொழவென்று நின்றுவிடும். மிக உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப்பெட்டியில் விற்கப்படும் பாலும் இதனால்தான் உதவாது.

சரி, கறந்த பாலை அப்படியே பயன்படுத்தலாமா? அதில் ஆபத்து இருக்கிறது. காசநோய், புரூசெல்லோசிஸ் ஆகியவற்றின் கிருமிகள் காய்ச்சாத பால் மூலம் பரவக்கூடியவை. நடுவழி ஒன்று உண்டு: 63 டிகிரி செல்சியஸில் முழுதாக 30 நிமிடம். கிருமிகள் மடியும், பாலின் உறையும் தன்மை பெருமளவு தப்பிக்கும். ஆனால் காஸ் அடுப்பின் மீது நேரடியாக வைத்து இதைச் செய்வது கம்பி மேல் நடப்பது மாதிரி. மேலே 55 டிகிரி இருக்கும்போதே அடியில் பிடித்துவிடும்.

இங்கேதான் வெந்நீர்ப் பாத்திரம் கைகொடுக்கிறது. பெரிய பாத்திரத்தின் அடியில் ஒரு வளையம் அல்லது மடித்த துணி. அதன் மேல் பால் நிரம்பிய எவர்சில்வர் பாத்திரம். பால் நிற்கும் உயரத்துக்கு வெளியே தண்ணீர். எவ்வளவு எரித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. சூடு எல்லாப் பக்கத்திலிருந்தும் மெதுவாக ஏறும். தெர்மாமீட்டர் இருக்க வேண்டியது பாலில், தண்ணீரில் அல்ல. இலக்குக்கு ஓரிரு டிகிரி முன்பே அடுப்பை அணைத்துவிட வேண்டும். வெந்நீரில் தேங்கிய சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அரை மணிக் கணக்கு, பால் 63 டிகிரியைத் தொட்ட பிறகுதான் தொடங்குகிறது. அதுவரையிலும் அதன் பிறகும் அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

பிறகு வெந்நீரைக் கொட்டிக் குளிர்ந்த நீர் ஊற்றினால், அதே பாத்திரம் பாலை 32 டிகிரிக்கு இறக்கிவிடும். சீஸுக்கான உறையையும் பின்னர் ரென்னட்டையும் சேர்த்த பிறகு பாலை அசைக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் சூடும் குறையக் கூடாது. சென்னையின் மே மாதத்தில் இது சிரமமில்லை. டில்லியின் ஜனவரியில் சுற்றியிருக்கும் வெதுவெதுப்பான நீர்தான் பாலுக்குப் போர்வை.

கடைசிச் சோதனை, உறைந்ததைத் துண்டுகளாக வெட்டிய பின் வருகிறது. செடாருக்கு அரை மணிக்கு மேல் எடுத்துக்கொண்டு, படிப்படியாக 38 டிகிரி வரை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் துண்டுகளின் வெளிப்புறம் தோல் கட்டி, உள்ளே நீர் சிறைப்படும். விளைவு, பல வாரங்கள் முதிரவைத்த பிறகு தெரியும்: புளிப்பு, கசப்பு. 10 லிட்டர் பசும்பாலில் சுமார் ஒரு கிலோதான் கிடைக்கும் என்பதால் நஷ்டம் சிறியதல்ல.

பெரிய பால்பண்ணைகளின் இரட்டைச் சுவர்த் தொட்டியும் செய்வது இதைத்தான்: சுவர்களுக்கு நடுவே வெந்நீர் அல்லது நீராவி, உள்ளே பால். தயிருக்கு உறை ஊற்றும்போது விரலை விட்டுப் பார்க்கும் பாட்டிகளுக்கும் 'கைபொறுக்கும் சூடு' என்றால் என்னவென்று தெரியும். ஆனால் 32-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. அதற்குத் தேவை ஒரு தெர்மாமீட்டர், இரண்டு பாத்திரம், நிறையப் பொறுமை.